தன் ஊசி, பிறர் ஊசி

என் பெரியம்மாவின் காம்பராவில் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் ஆரஞ்சு மூடி போட்ட இன்சுலின் சிரிஞ்ச் ஒன்று எப்போதும் செருகியிருக்கும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையை விட்டு மேலே ஏறினால் வரும் தோட்டம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா. விடியற்காலை அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்புமுன் சாமி படத்தின் பக்கம் கை போகும். கும்பிடுவதும் அங்கேதான், ஊசி எடுப்பதும் அங்கேதான்.

"ஒரு ஊசிய எத்தனை நாளைக்கு வச்சுப் போடுவீங்க பெரியம்மா?"

"நாலு நாளு. சில நேரம் அஞ்சு. சுருக்குன்னு வலிச்சா மாத்திப்புடுவேன்."

காலை ஒன்று, மாலை ஒன்று. நாலு நாள் என்றால் எட்டுத் தடவை. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகும்போது அங்கே உள்ள தாதி மிஸ் கேட்பார்: "ஒரு ஊசி ஒரு தரந்தானே?" பெரியம்மா தயங்காமல் சொல்வார்: "ஆமாங்க மிஸ்." கிளினிக் கொப்பியில் ஒரு சரி விழும். கேட்டவருக்கும் உண்மை தெரியும், சொன்னவருக்கும் தெரியும். பின்னால் வரிசையில் நிற்கிற நாற்பது பேருக்கும் தெரியும்.

இந்தக் கட்டுரை அந்தப் பொய்யைப் பற்றியது. பெரியம்மா ஏன் பொய் சொல்கிறார் என்பதை விட, அந்தக் கேள்வி ஏன் பொய்யை வரவழைக்கிற விதத்தில் கேட்கப்படுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'ஒரு ஊசி ஒரு தடவை' என்ற விதி இரண்டு வேறு காரியங்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது ஒன்று. தன் ஊசியைத் தானே திரும்பவும் போட்டுக்கொள்வது இன்னொன்று. முதலாவது ஊரையே அழித்திருக்கிறது. இரண்டாவதன் கெடுதி சிறியது, மெதுவானது, ஆனால் தோட்டத்து மலையில் எதிர்பாராத இடத்தில் வந்து நிற்பது. இரண்டுக்கும் ஒரே பயத்தைக் காட்டியதால் இரண்டாவதைப் பற்றி யாரும் உண்மையாகப் பேசுவதில்லை.

முதலாவதை முதலில் பார்த்துவிடுவோம். அதில் விவாதத்துக்கு இடமில்லை. எகிப்தில் நத்தைக் காய்ச்சல் எனப்படும் பில்ஹார்சியா நோயை ஒழிக்க 1950கள் முதல் 1980கள் வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். நோக்கம் நல்லது. ஆனால் கண்ணாடி சிரிஞ்சுகள் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் கைமாறிக்கொண்டே இருந்தன. ஒரு புழுவை விரட்டப் போய் ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் வைரஸை ஒரு தேசத்தின் இரத்தத்தில் விதைத்துவிட்டார்கள். 2008இல் எடுத்த நாடளாவிய ஆய்வில் 15 முதல் 59 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 15 வீதத்தினரின் இரத்தத்தில் அதன் தடம் இருந்தது. பாகிஸ்தானின் லர்கானா பக்கம் ரத்தோடேரோ என்ற சிற்றூரில் 2019இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலோர் குழந்தைகள். பெற்றோருக்கு நோய் இல்லை, பிள்ளைக்கு இருக்கிறது. ஊசியும் சேலைன் குழாயும்தான் பாதை. அதற்கு முந்திய ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் சைக்கிளில் வந்து மலிவாக ஊசி குத்திய ஒரு போலி வைத்தியரின் பெயர் அடிபட்டது. அங்கே நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அதே நோய். குஜராத்தின் மோடாசாவில் 2009இல் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தபோது, போட்டு எறிந்த சிரிஞ்சுகளைத் திரட்டி மறுபடி விற்கும் சந்தை ஒன்றே வெளியே வந்தது.

வைத்தியசாலை ஊழியர் ஒருவருக்கு நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி தவறிக் குத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் கணக்கு ஒன்று உண்டு: 30, 3, 0.3. நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் நூற்றுக்கு முப்பது பேர் வரை தொற்றலாம், சி என்றால் மூன்று பேருக்குக் குறைவு, எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்று. நாம் அதிகம் பயப்படுவது மூன்றாவதற்கு. அதிகம் பயப்பட வேண்டியது முதலாவதற்கு. காய்ந்த இரத்தக் கறையிலும் ஒரு வாரம் உயிரோடு கிடக்கும் வைரஸ் அது. இலங்கை 2003இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் குழந்தைகளுக்கான அட்டவணையில் சேர்த்தது. அதன் பொருள், அந்த ஆண்டுக்கு முன்னர் பிறந்த தாய்மார், தாத்தாமார் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதும்தான். இன்சுலின் போடுவோர் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள்.

2000ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் போட்ட கணக்கு இது: வளரும் நாடுகளில் போடப்பட்ட ஊசிகளில் நூற்றுக்கு நாற்பது, சுத்தம் செய்யாமல் மறுபடி பயன்படுத்தியவை. அந்த ஒரே ஆண்டில் 2 கோடியே 10 இலட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் பி, 20 இலட்சம் பேருக்கு சி, 2,60,000 பேருக்கு எச்.ஐ.வி. பத்து ஆண்டுகள் கழித்து நாற்பது வீதம் என்பது ஐந்தரை வீதமாக இறங்கியிருந்தது. ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச் தடுப்பூசித் திட்டங்களுக்கு வந்தது, பொருளின் விலை குறைந்தது, பயம் பரவியது. பயம் இங்கே நல்ல வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது. தோட்டத்தில் குழந்தைக்கு ஊசி போட வரும் மருத்துவிச்சி அம்மா, தாய் பார்க்கும்படி பெக்கட்டைக் கிழித்துக் காட்டுவது அந்தப் பயத்தின் நல்ல விளைவு.

நமது மலைகளில் அப்படி இல்லாத காலமும் இருந்தது. 1872இல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டத்தின் வழியே தோட்டங்களுக்கு மருத்துவ மாவட்டங்களும், அதன் பின்னே டிஸ்பென்சரிகளும் வந்தன. வயதானவர்களைக் கேட்டால் டிஸ்பென்சரி ஐயாவின் கண்ணாடி சிரிஞ்சைப் பற்றிச் சொல்வார்கள். அடுப்பில் தகரத் தட்டு, அதில் கொதிக்கும் தண்ணீர், இடுக்கியால் எடுக்கும்போது வரும் 'டிங்' சத்தம். அந்தச் சத்தத்துக்கே பிள்ளைகள் அழத் தொடங்கிவிடுமாம். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டுவதும் உண்டு.

அதைச் சுத்தம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 94 பாகையிலேயே கொப்புளம் விடத் தொடங்கிவிடும். ஹட்டனில் 96. கொழும்பில் வேகிற பருப்பு நுவரெலியாவில் வேக நேரமாகும் என்பது எந்த மலையகத்துப் பெண்ணுக்கும் தெரியும். பருப்புக்குத் தெரிந்தது கிருமிக்கும் பொருந்தும். கொதிக்க வைப்பது எந்த ஊரிலும் கிருமியைக் குறைக்கும் வேலைதான், முழுவதும் கொல்வதற்கு 121 பாகை நீராவி வேண்டும். மலை உச்சியில், வரிசையில் ஐம்பது பேர் நிற்க, அவசர அவசரமாக இரண்டு நிமிடம் கொதித்த சிரிஞ்சைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்றும் முதுகு சில்லிடுகிறது. ஒருமுறைச் சிரிஞ்ச் வந்தது பெரிய வரம். அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பெரியம்மாவின் சிரிஞ்ச் ஐம்பது பேருக்குப் போகவில்லை. அவர் வயிற்றிலிருந்து அவர் வயிற்றுக்கே போகிறது. அவர் இரத்தத்தில் இல்லாத வைரஸ் எதையும் அது அவருக்குத் தர முடியாது. இந்த எளிய உண்மையைச் சுவரொட்டிகள் சொல்வதில்லை. எச்.ஐ.வி. வரும் என்று பயமுறுத்தினால், 'எனக்கு எங்கிருந்து வரும், என் ஊசிதானே' என்று அவர் சரியாகவே யோசிக்கிறார். அப்படி யோசித்தவுடன் மிஸ் சொன்ன மற்ற எல்லாமும் சேர்ந்து மதிப்பிழந்துபோகிறது.

தன் ஊசியைத் தானே திரும்பப் பயன்படுத்துவதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவை கொஞ்சமல்ல. இன்சுலின் மருந்திலேயே மெட்டாகிரெசோல், பீனோல் போன்ற கிருமித்தடுப்புப் பொருள்கள் கலந்திருக்கின்றன. ஊசித் துளையில் ஒட்டியிருக்கும் துளி, கிருமிக்கு நல்ல வீடு அல்ல. 1980களில் வீட்டில் ஊசி போட்டுக்கொள்வோரிடம் நடந்த சிறு ஆய்வுகள், பல தடவை பயன்படுத்தியவர்களுக்குத் தோல் தொற்று கூடியதாகக் காட்டவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டலில்கூட, விரும்புகிற நோயாளி தன் சிரிஞ்சைத் தானே மறுபடி பயன்படுத்துவது பாதுகாப்பானது, நடைமுறைக்கு உகந்தது என்ற பொருளில் எழுதியிருந்தது. பணக்கார நாட்டின் சங்கமே அப்படி எழுதியது. நமது சுவரொட்டியில் அந்த அரை வரிக்குக்கூட இடமில்லை.

ஆனால் அந்த வழிகாட்டலை முழுதாகப் படித்தால் வேறொன்று தெரியும். யார் அப்படிச் செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. உடற்சுத்தம் பேண முடியாதவர், வேறு நோயால் படுத்திருப்பவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், கையில் திறந்த காயம் உள்ளவர். கடைசி வரியைப் படித்தபோது பெரியம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்து, சாயம் ஊறி, நகக்கண்ணில் வெடித்த விரல்கள். கவ்வாத்து மலையில் வேலை செய்யும் ஆண்களுக்கு அதைவிட மோசம். தண்ணீர்க் குழாய் லயத்தின் கோடியில், சில நாள் வரும், சில நாள் வராது. சலுகையை எழுதியவர் மனதில் இருந்தவர் வேறு யாரோ. சலுகை தேவைப்படுபவர் அந்தச் சலுகையின் விலக்குப் பட்டியலில் நிற்கிறார்.

எதிர்ப்பக்கத்துக் குரலையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். மீண்டும் பயன்படுத்திய ஊசியின் முனை தூண்டில்போல் வளைந்திருக்கும் நுண்ணோக்கிப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்கள் பரவியதில் ஊசி தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2015இல் ரோம் நகரில் உலக நிபுணர்கள் கூடி இன்சுலின் ஊசி போடும் முறை பற்றிய பரிந்துரைகளை வகுத்தார்கள். மறுபயன்பாடு கூடாது என்பது அதில் ஒன்று. அந்தக் கூட்டத்துக்குப் பணம் கொடுத்தது உலகின் மிகப் பெரிய ஊசித் தயாரிப்பாளர்களில் ஒன்றான பி.டி. நிறுவனம். அதனாலேயே பரிந்துரை பொய் என்று ஆகாது. அதை ஒட்டி 42 நாடுகளில் 13,000க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், பேனா வடிவக் கருவியால் இன்சுலின் போடுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே ஊசியை மறுபடி போடுவதாகச் சொன்னார்கள். பாதிப் பேர் மீறுகிற விதியை வைத்துக்கொண்டு மீறுபவரை மட்டும் குற்றவாளி ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை.

சரி, அப்படியானால் உண்மையான கெடுதி எங்கே? கிருமியில் இல்லை, கட்டியில்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தும்போது தோலுக்கடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகிறது. மழுங்கிய முனை ஒவ்வொரு தடவையும் தோலடித் திசுவைக் கொஞ்சம் கிழித்துக்கொண்டு போவது அதைத் துரிதப்படுத்தும் என்று கருதப்படுகிறது. 2013இல் ஸ்பெயினில் 430 பேரிடம் நடந்த ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கட்டி இருந்தது. ஐந்து தடவைக்கு மேல் ஒரே ஊசியைப் போட்டவர்களில் அது இன்னும் அதிகம். இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊசியை மாற்றாதவர் பெரும்பாலும் இடத்தையும் மாற்றாதவர். கட்டிக்கு முதல் காரணம் இடம் மாற்றாததே, ஊசி துணைக் காரணம். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. கட்டியில் நரம்பு மந்தமாக இருக்கும், குத்தினால் வலிக்காது. மழுங்கிய ஊசி மற்ற இடத்தில் வலிக்கும். அப்படியானால் கை எங்கே போகும்? 'சுருக்குன்னு வலிச்சா மாத்திப்புடுவேன்' என்ற பெரியம்மாவின் அளவுகோல் அங்கேதான் ஏமாறுகிறது. வலிக்காத இடத்தில் போட்டதால் ஊசி இன்னும் நன்றாக இருப்பதாக அவர் நினைக்கிறார்.

கட்டிக்குள் போன இன்சுலின் ஒழுங்காக இரத்தத்தில் சேராது. ஒரு நாள் கொஞ்சம், ஒரு நாள் தாமதம். இரத்தச் சீனி ஏறும். கிளினிக்கில் கொப்பியைப் பார்த்து அலகைக் கூட்டுவார்கள். மறுமாதமும் ஏறியிருக்கும், மறுபடி கூட்டுவார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சேலையைத் தளர்த்தச் சொல்ல மறைப்பும் இல்லை. இப்படிப் பதினாறு அலகு இருபதாகி, இருபத்தாறு ஆகிறது.

ஒரு நாள் காலையில், ஏதோ காரணத்தால், அவர் இடத்தை மாற்றிக் குத்துகிறார். அல்லது புது ஊசி கிடைத்த உற்சாகத்தில் தொடையில் போடுகிறார். இருபத்தாறு அலகும் முழுதாக வேலை செய்கிறது. அரை ரொட்டியைத் தின்றுவிட்டுப் பெரட்டுக்கு ஓடியவர் பத்து மணிக்குச் செங்குத்தான மலையில், முதுகில் கூடையோடு, பனிமூட்டத்தில் நிற்கிறார். கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண் இருட்டுகிறது. மலைக் குளிரில் ஒருத்திக்கு வியர்ப்பதை யாராவது கவனித்தால் அது அதிர்ஷ்டம். கவனிக்காவிட்டால் சறுக்கி விழுவார். பசி மயக்கம் என்பார்கள், பார்வை பட்டுவிட்டது என்பார்கள், கோயிலில் திருநீறு போட்டுக் கொண்டுவருவார்கள். சீனி போட்ட சாயத்தண்ணி ஒரு கோப்பை கொடுத்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார். ஒரே ஊசியை எட்டுத் தடவை போட்டதற்கான விலை இப்படி வந்து சேரும் என்று எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை.

வீட்டு வைத்தியமும் சில கெடுதிகளைக் கூட்டுகிறது. சுத்தம் செய்கிறேன் என்று முனையை ஸ்பிரிட்டில் துடைத்தால் அதன்மேல் பூசிய வழுவழுப்பான சிலிக்கோன் போய்விடும், அடுத்த குத்து இன்னும் வலிக்கும். சுடுதண்ணீரில் அலசினால் உள்ளே நீர் தங்கி மருந்தளவு மாறும். மிக்ஸ்டார்ட் போன்ற கலங்கலான இன்சுலின் என்றால் துகள் காய்ந்து துளையை அடைக்கும். பேனாவில் ஊசியைக் கழற்றாமல் விட்டால் இரவுக் குளிரில் சுருங்கிப் பகல் வெயிலில் விரியும் மருந்தோடு காற்றும் உள்ளே வந்து போகும். ஜனவரி, பெப்ரவரியில் புல்மேல் உறைபனி விழுகிற ஊரில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

இன்னொன்று, இதோடு நேரடியாகச் சேராவிட்டாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஊசி கிடைக்காதபோது தமிழ்நாட்டு உறவினர் வழியாகச் சிரிஞ்ச் வருவதுண்டு. இந்தியாவில் மில்லிலீட்டருக்கு 40 அலகு உள்ள மருந்துக்கான சிரிஞ்சுகள் இன்னும் புழக்கத்தில் உண்டு, இங்கே குப்பியில் மில்லிலீட்டருக்கு 100 அலகு. அந்தச் சிரிஞ்சில் நமது மருந்தை இருபது கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது ஐம்பது அலகு. பழைய ஊசியை நூறு தடவை போடுவதைவிடப் பெரிய ஆபத்து அந்த ஒரு புது ஊசி. மூடியின் நிறத்தையும் அதில் எழுதிய எண்ணையும் பார்க்காமல் தொடக்கூடாது.

இப்போது தன் ஊசிக்கும் பிறர் ஊசிக்கும் நடுவில் இருக்கும் வேலியைப் பார்ப்போம். லயக் காம்பராவில் அந்த வேலி மிகவும் தாழ்ந்தது. 2005, 2006இல் நடந்த நாடளாவிய ஆய்வே வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி வியாதி என்று சொன்னது. கணவனுக்கும் மனைவிக்கும், அம்மாவுக்கும் மகனுக்கும் சேர்ந்தே இருப்பது இன்று அரிதல்ல. ஒரே சுவர்ப்பலகை, ஒரே டம்ளர், இரண்டு சிரிஞ்ச். எது யாருடையது? "ஒரே வீட்டு ஆளுகதானே" என்ற சொல் எவ்வளவு அன்பானதோ அவ்வளவு ஆபத்தானது. ஊசியை மட்டும் மாற்றிப் பேனாவைப் பகிர்வதும் கூடாது, ஏனென்றால் குத்தி எடுக்கும்போது இரத்தம் நுண்ணளவில் குழாய்க்குள் ஏறலாம். அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் இராணுவ வைத்தியசாலையில் ஊசியை மாற்றி மாற்றிப் பேனாவைப் பலருக்குப் பயன்படுத்தியது 2009இல் தெரியவந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்து இரத்தம் சோதிக்க வேண்டியதாயிற்று. விரல்நுனியில் குத்திச் சீனி பார்க்கும் கருவியும் அப்படியே. பக்கத்துக் காம்பராவில் ஒருவர் குளுக்கோமீட்டர் வாங்கினால் லயமே விரலை நீட்டும். வாங்கியவருக்கு அது பெருமை. குத்தும் முள் ஒன்றுதான்.

கோயில் திருவிழாவையும் இங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது. அலகு குத்துவதிலும் காவடிக் கொக்கிகளிலும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அது இந்த மலைக்கு நம் முன்னோர் கொண்டுவந்தது, பஞ்சத்திலும் விடாதது. ஆனால் ஒரே கொக்கிப் பெட்டி வருடா வருடம், தோட்டம் தோட்டமாக, முதுகு முதுகாகப் போகிறது. எலுமிச்சம்பழமும் திருநீறும் ஹெபடைடிஸ் பியைக் கொல்வதில்லை. பெரியம்மாவின் எட்டுத் தடவைக்கு முகம் சுளிக்கும் சுகாதாரப் பேச்சு, இந்தப் பெட்டியைப் பற்றி மரியாதை கருதி வாய் திறப்பதில்லை. ஆபத்தை எடை போட்டால் தராசு நேர்மாறாகச் சாயும். கொக்கியைப் பிரஷர் குக்கரில் வைத்து அவிக்க ஒரு பூசாரி சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

போட்டு முடித்த ஊசி எங்கே போகிறது என்பதும் பிறர் ஊசிப் பிரச்சினையே. நகரத்தில் குப்பை வண்டி வரும். லயத்தின் பின்னால் பள்ளம்தான் இருக்கிறது. அங்கே எறிந்த ஊசி மழையில் உருண்டு தேயிலைத் தூரில் சிக்கும். பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் குழந்தை எடுக்கும், வெறுங்காலோடு மலையேறுகிறவர் மிதிப்பார். ஒரு பார்வையில் பார்த்தால், குறைவாக ஊசி பயன்படுத்துவது இந்த ஆபத்தைக் குறைக்கிறது. மாதம் அறுபது ஊசிக்குப் பதில் எட்டு என்றால் பள்ளத்தில் விழுவதும் எட்டுத்தான். ஒருமுறை மட்டும் என்று வற்புறுத்துகிறவர்கள், மீதி ஐம்பத்திரண்டையும் எங்கே போடுவது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். மூடி இறுகிய பால்மா டின்னோ தடித்த பிளாஸ்டிக் போத்தலோ போதும். ஆனால் நிரம்பிய டின்னைத் திருப்பி வாங்க ஓர் இடம் வேண்டும்.

காசுக் கணக்கு இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அரசு கிளினிக்கில் இன்சுலின் இலவசம். இது சின்ன விஷயமல்ல, பக்கத்து நாடுகளில் பலர் கனவு காண்பது. ஆனால் பெரியம்மா போகும் கிளினிக்கில் மருந்தோடு கைக்கு வரும் சிரிஞ்ச் மாதத்துக்குப் போதாது, சில மாதம் வருவதே இல்லை. மீதியைப் பார்மசியில் வாங்க வேண்டும். கிளினிக் நாள் என்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விட்டது. பஸ் செலவு தனி. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அடுத்த ஆண்டே டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டது, 2022 செப்டம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியது. அந்த ஆண்டு மார்ச் மாதம் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளையே நிறுத்தி வைத்தார்கள். ஊசிகூட இறக்குமதிப் பொருள்தான். பெரியம்மாவின் இரண்டு நாள் ஊசி நாலு நாள் ஊசியானது அந்த ஆண்டில். பிறகு எல்லாம் கொஞ்சம் சரியான பின்னும் அவர் பழைய கணக்குக்குத் திரும்பவில்லை.

அதனால் இந்தப் பழக்கத்தை அறியாமை என்று எழுதித் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. அது ஒரு சிக்கனக் கணக்கு. கணக்கில் ஒரு செலவு விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஊசியில் மிச்சமான ரூபாய் தெரிகிறது. கட்டியில் வீணான இன்சுலின் தெரியவில்லை. அரசுக்கும் அது தெரியவில்லை. வேலை செய்யாத பத்து அலகை வெளிநாட்டுப் பணம் கொடுத்து வாங்கி ஒவ்வொரு நாளும் ஒரு கட்டிக்குள் புதைப்பதைவிட, சிரிஞ்ச் கொடுப்பது மலிவு என்பது என் கணிப்பு.

அதுவரை என்ன சொல்வது? 'ஒருமுறைதான்' என்று சொல்லிவிட்டுக் கையில் போதிய ஊசி கொடுக்காமல் அனுப்புவது உபதேசம். 'எட்டுத் தடவையும் போடலாம்' என்பது கைவிடுதல். நடுவில் சொல்லத்தக்கது உண்டு. முடிந்தவரை புதிது. முடியாவிட்டால் ஒரே நாளுக்குள். கட்டாயம் இடம் மாற்றி. கையில் காயமுள்ள நாளில், காய்ச்சல் உள்ள நாளில், முனை எதிலாவது பட்டுவிட்டால் புதிதே. வேறு ஆளுடையது சாகும்வரை கூடாது. இதைத் தமிழில், மலையகத் தமிழில், அவசரமில்லாமல் சொல்ல ஆள் வேண்டும். பல கிளினிக்குகளில் சிங்களத்தில் சொல்லப்பட்டதை வரிசையில் நிற்கும் யாரோ ஒருவர் மொழிபெயர்க்கிறார். நடுவில் எவ்வளவு உதிரும் என்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

போன மாதம் கிளினிக்கில் புதிதாக வந்திருந்த ஒரு மிஸ், பாதித் தமிழ் பேசுகிறவர், பெரியம்மாவிடம் கேள்வியை மாற்றிக் கேட்டிருக்கிறார். "அம்மா, ஒரு ஊசி எத்தனை தரம் போடுறது?" பெரியம்மா வழக்கம்போல் "ஒரு தரந்தாங்க" என்று வாயெடுத்து, பிறகு என்னவோ தோன்றி, "எட்டு" என்றிருக்கிறார். மிஸ் திட்டவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். தொப்புளுக்கு இடப்புறம் நெல்லிக்காய் அளவில் ஒன்று. பெரியம்மாவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, "இங்க கல்லு மாதிரி இருக்குதானே? இங்க வேண்டாம்" என்றார். பிறகு டொக்டரிடம் கூட்டிப்போனார். வலப்புறம் போட ஆரம்பிக்கும்போது அலகைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி, இருபத்தாறை அடித்துவிட்டு இருபது என்று கொப்பியில் எழுதினார் டொக்டர்.

காம்பராவில் சிரிஞ்ச் இப்போதும் மாரியம்மன் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. காலையில் போட்டதை மாலையில் போட்டுவிட்டு டின்னில் போடுகிறாராம். டின் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று என்னைக் கேட்டார்.